படம் கிழிவது காகிள்ஸிலா, அதற்கு முன்பா?

கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஐந்து அங்குலப் பந்தய ட்ரோன், 5.8 கிகாஹெர்ட்ஸ் அனலாக் வீடியோ, ட்ரோன் கேமராவின் படத்தைக் கண்ணெதிரே காட்டும், ஆறு மாதமாக ஒழுங்காக வேலை செய்த காகிள்ஸ். இரண்டு வாரமாக த்ராட்டிலை (மோட்டார் வேகத்தை) ஏற்றினால் படத்தில் கோடுகள் ஓடுகின்றன. தடத்தின் கடைசித் திருப்பத்தில் படம் கிழிந்து உருள்கிறது. காகிள்ஸின் இரண்டு ஆண்டெனாக்களையும் மாற்றிவிட்டீர்கள், பலனில்லை. உடன் பறக்கும் நண்பர் காகிள்ஸில் சிக்னலைப் பிடிக்கும் ரிசீவர் மாட்யூலை மாற்றச் சொல்கிறார். "காகிள்ஸ் போய்விட்டதா, புதிது வாங்க வேண்டியதுதானா?" என்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது, பழுது கண்ணெதிரே இருக்கும் பெட்டியிலா, படம் அங்கே வந்துசேரும் வழியிலா என்பதைத்தான். காகிள்ஸ் அநேகமாக நன்றாகவே இருக்கிறது என்பது என் கணிப்பு. நீங்கள் ஒரே பழுது என்று நினைத்திருப்பது இரண்டு தனித்தனிப் பழுதுகள் என்பதிலோ எனக்குச் சந்தேகமே இல்லை.

பந்தயங்களில் யாருக்கு எந்த சேனல் என்று பிரித்துக் கொடுக்கும் மேசையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்துவருகிறேன். படம் சரியாக வரவில்லை என்றால் எல்லோரும் முதலில் வந்து நிற்பது அந்த மேசையின் முன்னால்தான். வருபவர்கள் காகிள்ஸைத்தான் நீட்டுவார்கள். பல் வலித்தால் கன்னத்தைப் பிடித்துக்கொள்வதைப் போல, படம் தெரியும் இடத்தில்தான் பழுதும் இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. நான் காகிள்ஸைக் கையில் வாங்குவதற்கு முன் ஒன்றைத்தான் கேட்பேன்: எழுத்துகள் எப்படித் தெரிகின்றன?

பேட்டரி வோல்டேஜ், பறந்த நேரம் என்று படத்தின் மேல் தெரிகிற ஓ.எஸ்.டி. எழுத்துகளைச் சொல்கிறேன். அவை காகிள்ஸில் உருவாவதில்லை. கேமராவிலிருந்து வரும் படம், ட்ரோனின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டில் உள்ள ஒரு சிறு சிப் வழியாகப் போகிறது. மேக்ஸ் 7456 அல்லது அதன் வழிவந்த சிப் அது. எழுத்துகளைப் படத்தின் மேல் பதிப்பது அதுதான். அதற்குப் பிறகுதான் படம் வீடியோ டிரான்ஸ்மிட்டருக்குப் போய் வானில் ஏறுகிறது. காகிள்ஸின் சொந்த மெனுவோ, பயணத்தின் கடைசிக் கட்டத்தில், திரைக்கு முந்தைய படியில் சேர்கிறது. ஆக ஒரே சட்டகத்துக்குள் மூன்று அடுக்குகள் உங்களுக்குக் காணக் கிடைக்கின்றன. படத்தில் மட்டும் கோடுகள் ஓடி, ஓ.எஸ்.டி. எழுத்துகள் பளிச்சென்று இருந்தால், பழுது கேமராவிலோ அதன் கம்பிகளிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோ இருக்கிறது. எழுத்துகளின் மேலும் கோடுகள் ஓடினால் டிரான்ஸ்மிட்டரில் தொடங்கித் தேட வேண்டும். படமும் எழுத்தும் சிதையும்போது காகிள்ஸின் மெனுவைத் திறந்து பாருங்கள். அது துல்லியமாக இருந்தால் திரை நன்றாக இருக்கிறது. மெனுவும் சேர்ந்து நடுங்கினால்தான் காகிள்ஸின் திரையைச் சந்தேகிக்கலாம்.

இதில் ஒரு விலக்கு உண்டு. எழுத்து பதிக்கும் சிப் தன் வேலைக்கான தாளத்தைக் கேமராவின் சிங்க் துடிப்பிலிருந்துதான், அதாவது வரியும் படமும் எங்கே தொடங்குகின்றன என்று சொல்லும் துடிப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. கேமராவின் துடிப்பே தடுமாறினால், கேமராவின் குற்றத்துக்கு எழுத்துகளும் சேர்ந்து ஆடும். அந்தக் குழப்பம் வந்தால் கேமராவின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான போர்டுகளில் கேமரா இல்லாவிட்டாலும் சிப் தானே ஒரு துடிப்பை உருவாக்கி, வெற்றுப் பின்னணியில் எழுத்துகளைக் காட்டும். அப்போது எழுத்துகள் ஆடாமல் நின்றால் குற்றவாளி கேமரா பக்கத்தில்தான் இருக்கிறது.

இனி உங்கள் முதல் பழுது. த்ராட்டிலோடு கூடிக் குறையும் கோடுகள் மின்சார இரைச்சல். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. சுற்று, மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை நொடிக்கு 24,000 அல்லது 48,000 முறை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. பால் (PAL) என்ற அனலாக் வீடியோ முறைப் படத்தில் நொடிக்கு 15,625 வரிகள் வரையப்படுகின்றன. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பதால்தான், மின்கம்பியில் கலந்த அந்த வெட்டல் திரையில் கோடுகளாகவும் சாய்ந்த பட்டைகளாகவும் கண்ணில் படுகிறது. த்ராட்டிலைச் சட்டென்று இறக்கும்போதும் இது வரும். சுழலும் மோட்டாரை ஈ.எஸ்.சி. பிரேக் போட்டு நிறுத்தும்போது மின்னழுத்தம் பின்னோக்கி எகிறுகிறது. காகிள்ஸை நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் இந்தக் கோடுகள் விடாது. அவை டிரான்ஸ்மிட்டரை விட்டுக் கிளம்பும்போதே படத்தோடு ஒட்டிக்கொண்டு வருபவை.

ஆறு மாதமாக இல்லாதது இரண்டு வாரமாக வருகிறது என்றால், ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நான் முதலில் பார்ப்பது பேட்டரிக் கம்பிகள் ஈ.எஸ்.சி.யில் சேரும் இடத்தில், மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைத் தணிக்க இருக்கும் கெப்பாசிட்டரை. ஒருமுறை இதே குறையோடு ஒரு ட்ரோன் வந்தது. கெப்பாசிட்டர் உப்பவில்லை, கசியவில்லை, மேலே போட்டிருந்த டேப்கூட அப்படியே இருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு நகத்தால் அதன் தலையை லேசாகத் தள்ளினேன். விழப்போகும் பால்பல்லைப் போல ஆடியது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது ஒரு காலைச் சுற்றிப் பற்றவைப்பில் மயிரிழை அளவுக்கு வட்டமாக விரிசல். எங்கோ ஒரு கேட்டில் மோதியபோது விட்டிருக்க வேண்டும். தரையில் சும்மா இருக்கும்போது கால் தொட்டுக்கொண்டிருக்கும், மோட்டார் அதிர்ந்ததும் விலகும். உங்கள் ட்ரோனும் இரண்டு வாரத்துக்கு முன் எதிலாவது மோதியதா என்று யோசித்துப் பாருங்கள். மாற்றுவதானால் குறைந்த ஈ.எஸ்.ஆர். (உள் மின்தடை) வகை, 35 வோல்ட், 470 முதல் 1000 மைக்ரோஃபாரட் வரை போடலாம். ஆறு செல் பேட்டரி முழுதாக ஏறினால் 25.2 வோல்ட் என்பதால் 25 வோல்ட் கெப்பாசிட்டர் கூடாது. கால்களை எவ்வளவு குட்டையாக வெட்ட முடியுமோ அவ்வளவு குட்டையாக வெட்டுங்கள். நீளமான கால் கெப்பாசிட்டரின் பாதிப் பயனைத் தின்றுவிடும். நேர், எதிர் முனைகள் மாறினால் அது வெடிக்கும். இது மிகைப்படுத்தல் இல்லை.

கெப்பாசிட்டர் சரியாக இருந்தால் அடுத்தது தரைக் கம்பி (கிரவுண்ட்). கேமராவின் தரைக் கம்பி வீடியோக் கம்பியோடு ஒட்டியே ஃப்ளைட் கன்ட்ரோலருக்கு வர வேண்டும். இடம் இல்லை என்று அதை மட்டும் பேட்டரி முனையில் பற்றவைத்தால், மோட்டார்களின் மின்னோட்டம் போகும் பாதையை வீடியோவும் பகிர்ந்துகொள்ளும். வீடியோ சிக்னலின் மொத்த உயரமே ஒரு வோல்ட்தான். அதில் சில பத்து மில்லிவோல்ட் ஏறி இறங்கினாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். கேமராவுக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுத்திருந்தால், போர்டில் உள்ள வடிகட்டிய 9 அல்லது 10 வோல்ட் முனைக்கு மாற்றிவிடுங்கள். அதற்கு முன் உங்கள் கேமராவும் டிரான்ஸ்மிட்டரும் எத்தனை வோல்ட் தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும்போது இன்னொன்றை மறக்காதீர்கள். பாதுகாப்புக்காக இறக்கைகளை (ப்ரொப்பெல்லர்) கழற்றிவிட்டு மேசையில் மோட்டாரைச் சுழற்றுவோம், அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் இறக்கை இல்லாத மோட்டார் எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. மேசையில் படம் தெளிவாக இருக்கிறது என்பதற்காகப் பழுது தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. காகிள்ஸின் வீடியோ பதிவுக் கருவியான டி.வி.ஆரில் பதிவான உண்மையான பறத்தலை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதே நம்பகமானது. எழுத்துகளின் மேல் கோடு விழுகிறதா என்பதும் அந்தப் பதிவிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது பழுது கடைசித் திருப்பத்தில் கிழிவது. இங்கே என்னால் அந்த அளவுக்கு உறுதியாகப் பேச முடியாது. இடத்தைப் பார்க்காமல் மூன்று காரணங்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கடினம். ஆனால் மூன்றையும் பிரித்தறியும் வழி உண்டு. சிக்னல் மெலிந்து போவது ஒன்று, எதிரொலித்துக் குலைவது ஒன்று, பிறருடைய சிக்னல் நுழைவது ஒன்று.

மெலிந்து போகும் படத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வண்ணம் போகும். பால் முறையில் வண்ணத் தகவல் 4.43 மெகாஹெர்ட்ஸிலும் என்.டி.எஸ்.சி. முறையில் 3.58 மெகாஹெர்ட்ஸிலும், அதாவது வீடியோவின் மேல் விளிம்பில் அமர்ந்திருக்கிறது. இந்த வீடியோவை அனுப்பும் அதிர்வெண் பண்பேற்ற (எஃப்.எம்.) முறையில் இரைச்சல் அந்த மேல் விளிம்பில்தான் அதிகம். அடுத்து வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள் மொய்க்கும். அதற்கும் பிறகுதான் சிங்க் போகும். ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் துடிப்பு தொலைந்தால் படம் பக்கவாட்டில் கிழியும். முழுப் படமும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் துடிப்பு தொலைந்தால் படம் மேலும் கீழும் உருளும். உங்கள் பதிவில் வண்ணம் மங்கி, புள்ளி கூடி, பிறகு கிழிகிறதென்றால் அது மெலிவு. ஒரு குறிப்பிட்ட புள்ளியில் மட்டும் திடீரென்று வெட்டிவிட்டு உடனே தெளிந்தால் அது எதிரொலிப்பு. இந்த அலைவரிசையில் அலைநீளம் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர்தான். உலோக வேலி, கூரைத்தகடு போன்றவற்றில் பட்டு வரும் அலையும் நேராக வரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடங்கள் ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளியில்கூட மாறும். அதனால் நீங்கள் ஓரடி நகர்ந்து உட்கார்ந்தாலே படம் மாறும்.

மெலிவு என்றால் உடனே பவரைக் கூட்டத் தோன்றும். பந்தயத்தில் பெரும்பாலும் 25 மில்லிவாட் என்று கட்டுப்பாடு இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. தாண்ட முடிந்தாலும் பலன் நினைப்பதைவிடக் குறைவு. எட்டும் தொலைவு இரட்டிப்பாக வேண்டுமென்றால் பவரை நான்கு மடங்காக்க வேண்டும். அதே பலனை ஒரு தளர்ந்த இணைப்பைச் சரிசெய்தே பெற்றுவிடலாம்.

நீங்கள் ஆண்டெனாவை மாற்றிய கதைக்கு இங்கே திரும்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எனக்கு உறுத்துவது அதுதான். வட்டமாகச் சுழலும் அலைகளில் வலச்சுழல், இடச்சுழல் என்று இரண்டு வகை. ட்ரோனில் ஒன்றும் காகிள்ஸில் மற்றொன்றும் இருந்தால் கொள்கையளவில் எதுவும் வரக் கூடாது. நடைமுறையில் நூறில் ஒரு பங்கு அளவில் ஏதோ கசிந்து வரும். பக்கத்தில் வைத்துச் சோதித்தால் அதுவே அழகான படம் தந்துவிடும், கடைசித் திருப்பத்தில்தான் காலைவாரும். புதிதாக வாங்கிய இரண்டும் ட்ரோனில் உள்ளதன் அதே சுழலா என்று பாருங்கள். இன்னொன்று, திருகும் முனை. எஸ்.எம்.ஏ., ஆர்.பி. எஸ்.எம்.ஏ. என்ற இரண்டு வகைகளிலும் வெளித் திருகு அளவு ஒன்றே. நடுவில் உள்ள ஊசியும் துளையும் மட்டும் இடம் மாறியிருக்கும். இதில் நானே ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறேன். ஆண்டெனா இறுக்கமாகத் திரும்பியது, நன்றாக உட்கார்ந்தது, பத்தடி தூரத்துக்குப் படமும் வந்தது. கடைசியில் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் இந்தப் பக்கமும் துளை, அந்தப் பக்கமும் துளை. இரண்டும் ஒன்றையொன்று வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. ஊசியே இல்லாத இணைப்பில் பத்தடி எப்படி வந்தது என்றால், அவ்வளவு நெருக்கத்தில் கசிவே போதும். ட்ரோன் பக்கத்தில் இதே கோளாறு இருந்தால் இன்னும் மோசம். ஆண்டெனா இல்லாமல் இயங்கும் டிரான்ஸ்மிட்டரின் வெளியீட்டுப் பகுதி சூட்டில் கெட்டுப்போகலாம். ஆண்டெனா மாட்டும் அங்குள்ள சிறிய யு.எஃப்.எல். முனை மோதலில் பாதி கழன்றிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். ஆண்டெனாவின் கம்பி கார்பன் சட்டகத்துக்கோ பேட்டரிக்கோ பின்னால் ஒளிந்திருந்தால், ட்ரோன் திரும்பும் கோணத்தைப் பொறுத்துப் படம் போகும். கடைசித் திருப்பத்தில் ட்ரோனின் வயிறு உங்களைப் பார்க்கிறதா?

தலையைக் குனிவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை முட்டியில் ஊன்றிப் பறப்பவர்கள் பலர். காகிள்ஸின் முன்பக்கத்தில் உள்ள தட்டையான பேட்ச் ஆண்டெனா அப்போது தரையைப் பார்க்கிறது. தடம் இருக்கும் திசையில் அதற்குக் காது கேட்காது. நிமிர்ந்து உட்காருங்கள் என்று சொன்ன மாத்திரத்தில் தீர்ந்த பழுதுகளை நான் பார்த்திருக்கிறேன், சொன்னதற்காகக் கோபித்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது காரணம் மற்றவர்கள். தனியாகப் பறந்தால் தெளிவாகவும், மற்றவர்கள் பேட்டரி மாட்டியதும் சாய்ந்த கோடுகளோ பின்னணியில் நிழற்படமோ தெரிந்தால் இதைத்தவிர வேறு காரணம் தேட வேண்டாம். ரேஸ் பேண்ட் என்ற சேனல் தொகுதியில் எட்டு சேனல்கள் 5658 முதல் 5917 மெகாஹெர்ட்ஸ் வரை 37 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. சமமான இடைவெளி பார்க்க அழகு, ஆனால் அதுவே சிக்கல். இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே இருக்கும்போது அவற்றின் கலப்பால் புதிய அலைகள் பிறக்கும். முதல் சேனல் 5658, இரண்டாவது 5695. இரண்டாவதை இரட்டித்து முதலாவதைக் கழித்தால் 5732. அது அப்படியே மூன்றாவது சேனல். அதில் பறப்பவர் யாருக்கும் தீங்கு செய்யாமலே தண்டனை அனுபவிப்பார். அதனால்தான் ஆறு பேர் சேர்ந்து பறக்கும்போது 5658, 5695, 5760, 5800, 5880, 5917 என்று சமமில்லாத இடைவெளிகளைத் தேர்ந்தெடுக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் கலப்பில் பிறப்பவை இந்த ஆறில் எதன் மேலும் விழாது. நீங்கள் எந்த சேனலில் பறந்தீர்கள், உடன் யார் எதில் பறந்தார்கள் என்று எழுதவில்லை. அது தெரிந்தால் இந்தக் காரணத்தை ஒரு நிமிடத்தில் ஏற்கவோ தள்ளவோ முடியும். வைஃபையும் 149 முதல் 165 வரையிலான சேனல்களில் இதே வட்டாரத்தில்தான் பேசுகிறது. ட்ரோனின் முதுகில் ஆக்‌ஷன் கேமரா இருந்தால் அதன் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

இதற்கு ஒன்றுவிட்ட உறவு, சேனலைத் தவறாகப் பிடிப்பது. டிரான்ஸ்மிட்டர் ரேஸ் பேண்டின் மூன்றாவதில், 5732இல் இருக்கிறது. காகிள்ஸ் தானாகத் தேடி, ஃபேட்ஷார்க் பேண்ட் என்ற வேறொரு தொகுதியின் முதலாவதில், 5740இல் நின்றுவிடுகிறது. எட்டு மெகாஹெர்ட்ஸ்தான் வித்தியாசம் என்பதால் படம் வந்துவிடும். ஆனால் வண்ணம் சோகையாக இருக்கும், பிரகாசமான விளிம்புகளில் கிழியும், தொலைவு குறையும். தானாகத் தேடுவதை நம்பாமல் பேண்டையும் சேனலையும் கையால் வைத்துப் பாருங்கள்.

காகிள்ஸைக் குற்றம் சாட்டும் மற்ற சிலவற்றை விரைவாகக் கடந்துவிடுகிறேன். படம் ஜெல்லியைப் போல நெளிந்தால் அது வளைந்த இறக்கையோ தேய்ந்த பேரிங்கோ தரும் அதிர்வு, கேமரா அதை வரிவரியாகப் படிப்பதால் அப்படித் தெரிகிறது. முகங்கள் பக்கவாட்டில் இழுபட்டிருந்தால் 4:3, 16:9 அமைப்பு முரண். காகிள்ஸைச் சார்ஜரில் மாட்டியபடியே பார்க்கும்போது மட்டும் கோடு வந்தால் சார்ஜரின் இரைச்சல். இவை எவற்றுக்கும் ரிசீவரோடு தொடர்பில்லை. டிஜிட்டல் முறைகளில் என் அனுபவம் குறைவு. அங்கே படம் கோடாகவோ புள்ளியாகவோ கெடாமல் பெரும்பாலும் கட்டம் கட்டமாக உடையும் அல்லது உறையும் என்பதால், மேலே சொன்ன குறிகளை அப்படியே அதற்குப் பொருத்திவிடாதீர்கள்.

உங்கள் நண்பர் சொன்னதைத் தவறென்று தள்ளமாட்டேன். ரேபிட்ஃபயர் போன்ற மாட்யூல்கள் இரண்டு ஆண்டெனாக்களின் சிக்னலைச் சேர்த்து, தொலைந்த சிங்க் துடிப்பையும் செப்பனிட்டுத் தருகின்றன. கடைசித் திருப்பத்தில் படம் உருள்வது அதனால் குறையக்கூடும். ஆனால் ஊசி தொடாத ஆண்டெனாவை அது தொடவைக்காது, த்ராட்டில் கோடுகளையும் அழிக்காது. வாங்குவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்துவிடுங்கள். வேறொருவரின் காகிள்ஸை உங்கள் சேனலில் வைத்து, உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, அதே திருப்பத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காகிள்ஸ் கேட்க மட்டுமே செய்யும், எதையும் ஒலிபரப்பாது என்பதால் யார் படத்துக்கும் கெடுதல் இல்லை. அங்கேயும் கிழிந்தால் உங்கள் காகிள்ஸ் நிரபராதி. பிறகு உங்கள் காகிள்ஸின் ஏ.வி. உள்ளீட்டில் ஒரு கேமராவை நேராகக் கம்பியால் இணைத்துப் பாருங்கள். படம் துல்லியமாக வந்தால் திரையும் அதன் சுற்றும் நலம். நண்பரின் காகிள்ஸில் திருப்பம் தெளிவாக இருந்து, உங்களுடையதில் ஏ.வி. படமும் தெளிவாக இருந்து, அந்தத் திருப்பம் மட்டும் இன்னும் கிழிகிறதென்றால்தான் மாட்யூலைப் பற்றிப் பேசலாம். அப்போதும் முதலில் பழைய மாட்யூலைக் கழற்றி, அதன் ஊசிகளில் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று பார்த்து, திரும்ப ஆழமாக அழுத்தி மாட்டி ஒரு பேட்டரி பறந்து பாருங்கள்.